மோரிஸ் அண்ணனுக்கு: டிராக்டரை விற்பதாக இல்லை

புக்கிட் தெம்பூரோங் தோட்டம்,
பண்டார் பாரு, கெடா.
9-9-1984, ஞாயிறு, பூசைக்குப் பின்.

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த அண்ணன் மோரிஸ் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை அகத்தா பணிவுடன் எழுதும் மடல். இங்கே உங்கள் மச்சான் டக்ளஸின் வலது காலைத் தவிர மற்ற யாவும் தேவ கிருபையால் சௌக்கியமாக இருக்கின்றன. அங்கே அலோர் ஸ்டார் மெர்கோங்கில் தாங்களும் ஜேன் அண்ணியும் நலமாக இருக்கவும், தங்களின் ரத்தக்கொதிப்பு இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அடங்கியிருக்கவும் இன்று காலை மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நிற்க. சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. "எஞ்சின் முடிந்துவிட்டது, பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டது, முப்பது வருஷம் வொர்க்ஷாப்பில் நின்றவன் சொல்கிறேன், அந்த டிராக்டரைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு நீயும் மச்சானும் இங்கே வந்து பின்னறையில் இருங்கள், பொம்பளைக்கு எதற்கு டிராக்டர்" என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் அன்புக்கு நன்றி. டிராக்டரை விற்பதாக இல்லை. பின்னறையில் அண்ணி எப்போதும் போல வெங்காயமே காயவைக்கட்டும். தாங்கள் இந்தப் பக்கம் வந்து பார்க்கவும் வேண்டியதில்லை. ஏன் வேண்டியதில்லை என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

தாங்கள் அந்த வண்டியின் நோயைப் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிஷம். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்த மச்சானின் காலைப் பார்க்க வந்தவர், வாசலில் வண்டியை முடுக்கச் சொல்லி, கையைக் காதுக்குக் குவித்துக் கேட்டு, "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டீர்கள். (வெளியில் எல்லோரிடமும் கால் டிராக்டரால் உடைந்தது என்றே இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாங்களும் அப்படியே சொல்லவும்.) நான் பார்த்தது மூன்று வாரம். இவர் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் இவரே எனக்கு விளையாட்டாகக் கற்றுக்கொடுத்த ஓட்டுதலை வைத்துக்கொண்டு, பெரிய டிராக்டர் திரும்ப முடியாத ஏழாம் நம்பர் காட்டிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிச் சடக்கு ரோட்டோரத்து மேடைக்குக் கொண்டு சேர்த்தவள் நான்.

காலையில் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கலைந்ததும் ஸ்டார்ட் பண்ணினால் அது ஒரே தட்டில் பிடித்துக்கொள்ளும். ரிங் தேய்ந்த எஞ்சின் காலைக் குளிரில் அப்படிப் பிடிக்குமா என்று தாங்கள் யோசித்திருக்க வேண்டும், சரி போகட்டும். முதல் நடை ராஜா மாதிரி போகும். ரெண்டாம் நடையில், வண்டி நிறைய குலையோடு மேட்டில் பாதி ஏறியதும் இழுவை குறையும். கறுப்புப் புகையும் இல்லை, நீலப் புகையும் இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் குரல் இறங்கி இறங்கி, கடைசியில் ஒரு விக்கல், அவ்வளவுதான், நின்றுவிடும். பின்னால் சரிவு, அதுக்குக் கீழே பள்ளம், அதில் தண்ணி. நான் பிரேக்கில் ஏறி நின்னுக்கிட்டு "மருதம்மா, கட்டை!" என்று கத்துவேன். உதிரிப்பழம் பொறுக்குற மருதம்மாள் டிரெய்லரிலிருந்து குதித்து சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் சொருகுவாள். சொருகிவிட்டு ரெண்டு பேரும் அப்படியே சடக்கில் உட்கார்ந்துவிடுவோம்.

உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று நான் ஜெபமாலையில் ரெண்டு பத்து மணி சொல்வேன். முடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் வண்டி கிளம்பிவிடும்! அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும். மருதம்மாள் இதைப் பார்த்துவிட்டுக் காடு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து முன்னால் கட்டினாள், நான் ஏற்கனவே பிரயாணத்துக்குக் காவலான சந்த கிறிஸ்தோபர் மெடல் மாட்டியிருந்தேன், ரெண்டும் ஒரே கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. வண்டி ரெண்டு பேரையும் சமமாக அவமதித்தது.

ரெண்டாம் வாரக் கடைசியில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நடராஜா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனுசன், ஆனால் கெட்ட சேதியைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார், அன்றைக்கு வாசலுக்கு வரும்போதே கழற்றிவிட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. குலை ரெண்டு நாளாக் காட்டுலயே கிடக்குது. பழம் கெட்டுப்போச்சுன்னு எண்ணெ மில்லுலேருந்து மேனேஜருக்குப் போன் மேல போன். செப்டம்பர் எட்டு, சனிக்கிழமை, அவரே ஏழாம் நம்பருக்கு வந்து நிக்கப்போறாரு. வண்டி மேடு ஏறிட்டா சரி. ஏறலேன்னா வேலைய வேற கொந்தரக்டருக்குக் குடுத்துருவாரு. அப்புறம் இந்த வீட்டையும் அவனுக்குத்தான் குடுக்கணும்." நான், "டக்ளஸ் கால் சரியாகட்டும் கிராணி" என்றேன். "கால பாக்க வரல அக்கா, சக்கரத்தத்தான் பாக்க வர்றாரு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினெட்டு வருஷம் இருந்த வீடு. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. இவர் சாப்பிட்டார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். வேலை செய்தது நான், கட்டளை போட்டது கட்டிலில் இருந்த இவர். ஜன்னல் வழியாக வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிடுவாராம். "காத்து பத்தல! ஏர் பில்டரக் கழட்டு!" கழட்டினேன். உள்ளே ஒரு காட்டுப் புழுதி. தட்டித் துடைத்து மாட்டிவிட்டு மேட்டுக்குப் போனேன். அதே இடம், அதே விக்கல், அதே கட்டை. திரும்பி வந்தால், "அப்ப டீசல் பில்டருதான், நான் முதல்லயே சொன்னேனே" என்கிறார். முதலில் சொன்னது காத்து! சரியென்று டீசல் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழட்டினால் அடியில் தண்ணியும் செம்மண்ணுமாகக் கிடந்தது. ஆகா, அகப்பட்டாயா என்று கழுவித் துடைத்துப் பளபளவென்று மாட்டினேன். அண்ணே, அதுக்கப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. பாதி உயிரோடு இருந்ததை முழுசாக் கொன்னுட்டோம்னு எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து இவர், "காத்து எடுத்தியா?" என்கிறார். "காத்துதான் பத்தலைன்னு நேத்து சொன்னீங்க, இன்னைக்கு எடுக்கச் சொல்றீங்களே!" "அடியே, அது வேற காத்து! எஞ்சினுக்குள்ள போற காத்து வேணும், டீசல் குழாய்க்குள்ள இருக்குற காத்து இருக்கக்கூடாது! பம்ப்புல ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதை லூசாக்கிட்டுக் கைப்பம்ப்பை அழுத்து, நொரை வரும், நொரை நிக்கிறவரைக்கும் அழுத்திட்டு மூடு!" அழுத்தினேன். நுரை நின்றதா இல்லையா என்று குனிந்து பார்த்தவளின் மூஞ்சி, மூக்குத்தி, புதுச் சட்டை எல்லாம் டீசல். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. முக்கால் மணி நேரம் ஓடியது. அப்புறம் அதே மேடு.

பிறகு, தாங்கள் கோபிக்கக் கூடாது, பாரிட் புந்தார் டவுனிலிருந்து ஆ லெக் என்கிற மெக்கானிக்கை வரவழைத்தேன். அவரும் தங்களைப் போலவே ஐந்து நிமிஷம் கேட்டார். ஆனால் தாங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. "எஞ்சின் பாகுஸ் லா, காக்கா. பம்ப் ரோசாக்" என்றார். அக்கா, எஞ்சின் நல்லா இருக்கு, பம்ப்தான் கெட்டுப்போச்சு என்கிறார். அதைக் கழட்டிப் பட்டர்வொர்த்துக்கு அனுப்பணும், வர மூணு வாரம் ஆகுமாம். சனிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருந்தது. முப்பது வருஷ அனுபவக்காரர் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே காது, ரெண்டு விதமான சாவு! எனக்கு அப்போதுதான் ஒரு துணிச்சல் வந்தது. இவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல, அப்ப நாம எல்லாரும் ஒண்ணுதான்.

அன்றைக்கு ராணி போல உட்கார்ந்து யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் துணி துவைத்துக்கொண்டே யோசித்தேன். கெட்டுப்போன பம்ப் ரெண்டு பத்து மணி ஜெபத்தில் எப்படிச் சரியாகும்? மாதா புதுமை செய்வார்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஏழு தடவை அதே மேட்டில் செய்வாரா? நிறுத்திக் காத்திருந்தால் சரியாகிறது என்றால், காத்திருக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று நடக்கிறது. இன்னொன்று. டேங்க் நிறைய டீசல் ஊத்தின நாளெல்லாம் சீக்கிரம் நின்றது. பாதி டேங்க்கோடு போன நாள் அதிக நேரம் ஓடியது. இதை இவரிடம் சொன்னேன். "வயிறு நிறைஞ்சா நீயுந்தான் வேலை செய்ய மாட்டே" என்றார். கால் மட்டும் மாவுக்கட்டில் இல்லையென்றால் அன்றைக்கு நானே இன்னொன்றை உடைத்திருப்பேன்.

வியாழக்கிழமை விடியற்காலை தேத்தண்ணி போடப் புது டின் பால் எடுத்தேன். அவசரத்தில் ஆணியால் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தேன். ரெண்டு சொட்டு வந்தது, நின்றது. குலுக்கினேன், ஒரு சொட்டு. உள்ளேயிருந்து இவர், "இன்னொரு ஓட்டை போடு, காத்து போனாத்தானே பால் வரும்!" என்று கத்தினார். நான் டின்னைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்னடி சத்தத்தக் காணோம்?" என்கிறார். தேத்தண்ணியாவது ஒண்ணாவது! டின்னை வைத்துவிட்டு வெளியே ஓடி வண்டியை முடுக்கினேன். ஓட்டவில்லை, வாசலிலேயே நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, சாணம் மிதித்த செருப்போடு பக்கத்தில் நின்று காத்திருந்தேன். வெகு நேரம் பிடித்தது, இவர் உள்ளே தேத்தண்ணி தேத்தண்ணி என்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் இறங்க ஆரம்பித்ததும் டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினேன். "ஸ்ஸ்ஸ்..." என்று காற்று உள்ளே இழுத்தது பாருங்கள் அண்ணே, புது மைலோ டின் திறக்கிற மாதிரி! அடுத்த நிமிஷம் எஞ்சின் குரல் தானாக ஏறியது. நான் தொடவே இல்லை. தானாக ஏறியது. நான் வாசலில் நின்று "இயேசுவே!" என்று போட்ட கூச்சலில் லயத்து வீட்டுக் கோழியெல்லாம் கலைந்து, மருதம்மாள் பல் விளக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்து, "அண்ணனுக்கு என்னாச்சு?" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைபட்டிருந்தது. டீசல் இறங்க இறங்க உள்ளே வெறுமையாகி, அந்த வெறுமை டீசலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எஞ்சின் பட்டினியில் நின்றிருக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே கொஞ்சம், அதனால்தான் அப்போது இன்னும் சீக்கிரம் நின்றது. காத்திருந்தால் எங்கேயோ சந்து வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து மறுபடி ஓடியிருக்கிறது. ரிங்கும் இல்லை, பம்ப்பும் இல்லை. மூடியைக் கழட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சட்டை ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்தினேன். மைசூர்ப் பருப்பு அளவில் ஒரு துணுக்கு வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. அழகான சிவப்பு நிறம்.

அண்ணே. ஜூலை மாதம் சந்த அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்தவர், "வண்டி இப்படித் துருப்பிடிச்சு நிக்கலாமா, என் தங்கச்சி வண்டி தேர் மாதிரி இருக்கணும்" என்று சொல்லி, அலோர் ஸ்டாரிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சாயத்தை எதையும் கழட்டாமல், எதையும் மறைக்காமல், மூடியோடு சேர்த்து மூன்று கை அடித்துவிட்டுப் போனீர்களே, நினைவிருக்கிறதா? அதற்கு அடுத்த வாரம்தான் வண்டிக்கு நோய் வந்தது. அந்தத் துணுக்கை இந்தக் கடிதத்தின் கீழ் மூலையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். அண்ணியிடம் காட்டவும்.

இனி சனிக்கிழமை. அதை நிதானமாக எழுதவேண்டும். முந்தின ராத்திரி மழை. ஏழாம் நம்பர் மேடு குழைந்து போயிருந்தது. மேனேஜர் குடையோடு மேலே நிற்கிறார், பக்கத்தில் கிராணி, தொப்பி தலையில்தான் இருந்தது. வேலையைக் கேட்டு வந்த புதுக் கொந்தரக்டர் ஒருத்தர் பேன்ட்டில் சேறு படாமல் ஒரு கல் மேல் நிற்கிறார். குலை வெட்டுகிறவர்கள், பழம் பொறுக்குகிறவர்கள், வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் டேங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். "எதுக்கு அக்கா நெறைய ஊத்துறீங்க, பாதி போதுமே" என்று மருதம்மாள் பயந்தாள். "நெறையத்தான் ஊத்தணும்" என்றேன். டிரெய்லரில் குலையும் நிறைய. ரெண்டு நடை அடித்தேன், நிற்கவில்லை. மூன்றாவது நடை மேடு ஏற ஆரம்பித்தேன், பாதி மேடு வந்தது, வழக்கமாக நிற்கிற அந்த வளைந்த மரம் வந்தது, மருதம்மாள் கட்டையோடு குதிக்கத் தயாராகக் காலைத் தொங்கப் போட்டுவிட்டாள். மரம் பின்னால் போய்விட்டது. "அக்கா, தாண்டிருச்சு! தாண்டிருச்சுக்கா!" என்று கத்தினாள் பாருங்கள், கீழே நின்ற பொம்பளைகள் போட்ட குலவை ஆற்றைத் தாண்டிப் பேராக் வரைக்கும் கேட்டிருக்கும்.

உச்சியை நெருங்கியதும் நான் சும்மா விடவில்லை. மேனேஜருக்கு நேராக, சரிவிலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கிராணியின் கை தொப்பிக்குப் போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணினேன், முடுக்கினேன். ஒரே தட்டு! "பாகுஸ், அகத்தா" என்றார் மேனேஜர். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், ஆனால் கல் மேல் நின்ற ஆள் இறங்கிச் சேற்றிலேயே நடந்து போய்விட்டார். கிராணி என் பக்கம் வந்து, "அக்கா, வேலையும் உங்களுக்குத்தான், வீடும் உங்களுக்குத்தான்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அழவில்லை. மருதம்மாள்தான் அழுதாள், நான் அவளைத் தேற்றுவது போல் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மூணாவது நடை கேட்டேன். நல்லாத்தான் ஓட்டுறே" என்றார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இதை நான் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஆகையால் அண்ணே, பொம்பளைக்கு எதற்கு டிராக்டர் என்று கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதியாகிவிட்டது. இனி எனக்கு எந்த மெக்கானிக்கின் காதும் தேவையில்லை. தாங்கள் சிரமப்பட்டு இவ்வளவு தூரம் வரவேண்டாம். கிறிஸ்துமசுக்கு வந்தால் போதும், அதுவும் சாப்பிட மட்டும். தங்களுக்கும் ஜேன் அண்ணிக்கும் மாதாவின் அடைக்கலமும், தங்கள் ரத்தக்கொதிப்புக்குச் சமாதானமும், எங்கள் மூன்று காலின் வணக்கமும் உண்டாவதாக.

தங்கள் மேல் என்றும் மரியாதை மாறாத தங்கை,
அகத்தா

பி.கு. திங்கள் காலை. அண்ணே, மேலே எழுதினதையெல்லாம் மறந்துருங்க. திருப்பி எழுத நேரமில்ல, கடுதாசி எடுத்துட்டுப் போற ஆள் வாசல்ல சைக்கிளோட நிக்கிறாரு. நேத்து சாயங்காலம் மேனேஜர் வீடு தேடி வந்துட்டாரு. லயத்துக்கெல்லாம் கரண்டு குடுக்குற பெரிய ஜெனரேட்டர் ஒரு வாரமா மங்கி மங்கி எரியுது, அதை ரிப்பேர் பாக்குற தோட்டத்து பிட்டர் தைப்பிங்குக்கு லீவுல போயிட்டாரு, "அகத்தா, போலே?"ன்னு கேட்டாரு. முடியுமான்னு கேட்டா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே! என் வாய் "போலே, துவான்", முடியும் தொரைன்னு சொல்லிருச்சு. காலையில போய்ப் பாத்தேன். ஏர் பில்டர், டீசல் பில்டர், டேங்க் மூடின்னு எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் மூணையும் செஞ்சேன். நேத்து மங்கலா எரிஞ்சது, இப்ப சுத்தமா எரியல. எம்பது வீட்டுக்கும் கரண்டு இல்ல. மருதம்மாள் என்கூடப் பேசல. மேனேஜர், இதெல்லாம் யாரு உனக்குக் கத்துக்குடுத்ததுன்னு கேட்டாரு. அலோர் ஸ்டார்ல எங்க அண்ணன் மோரிஸ், பெரிய மெக்கானிக், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு போட்ட பிச்சைன்னு சொல்லிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை காலை ரயிலுக்கு பாரிட் புந்தார் ஸ்டேஷனுக்கு ஜீப் அனுப்புறாரு, அவரே வந்தாலும் வருவாரு. ஸ்பானர் எல்லாத்தையும் கொண்டாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, சமையலுக்கு ஆள் வேணும். ரயிலை விட்டு இறங்கும்போது மட்டும் என்னைப் பாத்துச் சிரிச்சிராதீங்க அண்ணே. சின்ன வயசுலேருந்து எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவர் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு இறங்குங்க.